வார நாள் மதியம், நல்ல உணவகம், அவசரமில்லாத சாப்பாடு: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: இருவர் போகிறோம். இரண்டரை மணி நேரமாவது உட்கார ஆசை. எத்தனை மணிக்கு முன்பதிவு செய்யலாம்? ஆர்டர் கொடுத்ததும் தட்டுகள் வரிசையாக வந்து குவியாமல் இருக்க வழி உண்டா?

பதில் 1: கடை மூடும் நேரத்தை விடுங்கள், சமையலறையின் கடைசி ஆர்டர் எப்போது என்று கேளுங்கள். அது 2.30 என்றால் 12.30க்கே உட்காருவது நல்லது. ஒரு மணிக்குப் போனால் அலுவலகக் கூட்டத்தோடு மாட்டிக்கொள்வீர்கள். மேசையை எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முன்பதிவின்போதே கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை, பிறகு பாதி இனிப்பில் எழுந்திருக்கிறார்கள்! சமையலறைக் கதவு, கழிவறை வழி, ஏசி காற்று நேரே விழும் இடம் மூன்றும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

பதில் 2: தட்டுகள் குவியக் காரணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான். முதலில் சூப்போ ஸ்டார்ட்டரோ மட்டும் சொல்லுங்கள். கடைசி ஆர்டர் நெருங்கினால் மெயின் கோர்ஸையும் கொடுத்துவிட்டு, "நாங்கள் சொன்ன பிறகு செய்யத் தொடங்குங்கள்" என்று பரிமாறுபவரிடம் சொல்லலாம். முள்கரண்டியும் கத்தியும் தட்டில் சேர்த்து இணையாக வைத்தால் முடித்தாயிற்று என்று எடுத்துப் போவார்கள். இடைவெளி விட்டு, நுனிகள் மட்டும் நெருங்கச் சாய்த்து வைத்தால் பொதுவாகத் தொட மாட்டார்கள்.

பதில் 3: ஆர்டருக்குப் பிறகே ஓவனில் வேகும் இனிப்பு வேண்டுமென்றால் மெயின் கோர்ஸோடு சேர்த்தே சொல்லுங்கள், இருபது நிமிடம் பிடிக்கும். பில்லை நீங்கள் கேட்காமல் பெரும்பாலும் கொண்டுவர மாட்டார்கள், அது அலட்சியம் அல்ல. சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.