கேப்ஸ் லாக்கை மாற்றணுமா, அப்படியே விடணுமா?

பொட்டிதட்டி:
வாராவாரம் யாராவது ஒருவர் “கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றினேன், இனி திரும்பிப் போகமாட்டேன்” என்று பதிவு போடுகிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். எதிர்த்துப் பேச ஆளில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

கணினிப் பராமரிப்புதான் என் பிழைப்பு. அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்துதான் வேலை. ஒருவர் கேப்ஸை எஸ்கேப் ஆக்கி வைத்திருப்பார். இன்னொருவர் ஆல்ட்டையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றியிருப்பார், காப்பி செய்யப் போனால் ஏதோ ஒரு மெனு எட்டிப் பார்க்கும். அவர்கள் கணினி, அவர்கள் இஷ்டம். ஆனால் அதே ஆட்கள் பொதுக் கணினியில் உட்கார்ந்தால் பாதி வாக்கியம் பெரிய எழுத்தில் போய்விடுகிறது, திரும்பி வந்து அழிக்கிறார்கள். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கை தானாகப் போகவேண்டும், கீபோர்டின் பலமே அதுதான். அதைக் கெடுத்துக்கொண்டு என்ன சாதித்தீர்கள்?

விசைப்பித்தன்:
அண்ணே, நீங்கள் அடுத்தவர் கணினியில் நாள் பூராவும் இருக்கிறீர்கள். நாங்கள் இல்லையே! என் வேலை முழுக்க என் கணினியில்தான். எப்போதோ ஒருநாள் வெளியே தட்டுவதற்காகத் தினமும் சுண்டுவிரலை மடக்கச் சொல்கிறீர்கள்.

அப்புறம் இந்த “பொது அமைப்பு” ஒன்றும் ஆதியிலிருந்து வந்ததில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் ‘ஏ’ எழுத்துக்கு இடப்பக்கம் இருந்தது கன்ட்ரோல்தான். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் கீபோர்டிலும் அப்படியே. 80-களின் நடுவில் 101 விசை கீபோர்டு வந்தபோதுதான் கேப்ஸ் லாக் அங்கே வந்து உட்கார்ந்தது, கன்ட்ரோல் கீழே மூலைக்குப் போனது. நான் மாற்றவில்லை, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

பொட்டிதட்டி:
40 வருஷம் ஆயிற்றே. அதற்குள் உலகமே இந்த அமைப்பில் பழகிவிட்டது. எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கி 1936-இல் காப்புரிமை வாங்கிய ட்வோராக் அமைப்பு என்ன ஆயிற்று? நல்லது என்றார்கள், வேகம் என்றார்கள். இன்றைக்கும் கடையில் வாங்கும் கீபோர்டில் வழக்கமான க்வெர்ட்டி (QWERTY) வரிசைதான். பழக்கம் ஜெயிக்கும்.

லினக்ஸ் சித்தர்:
இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். மொத்த எழுத்தமைப்பை மாற்றுவது வேறு, ஒரு விசையை மாற்றுவது வேறு. ட்வோராக் போனால் இசட், எக்ஸ், சி, வி நாலும் நாலு பக்கம் சிதறிவிடும். இடதுகையாலேயே வெட்டி ஒட்டும் வசதி போய்விடும். அதனால்தான் மேக்கில், கமாண்ட் விசையைப் பிடித்திருக்கும்போது மட்டும் க்வெர்ட்டிக்குத் திரும்பும் தனி ட்வோராக் அமைப்பே வைத்திருக்கிறார்கள். 2006-இல் வந்த கோல்மாக் என்ற இன்னொரு எழுத்தமைப்பு அந்த நாலையும் தொடவே இல்லை. கேப்ஸை மாற்றுவதில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. யாரும் விரும்பி அழுத்தாத விசை அது.

தட்டச்சுக்காரி:
விரும்பி அழுத்துகிறவர்களும் உண்டு. படிவங்களைப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்லும் இடங்களில் வேலை பார்த்தால் தெரியும்.

ஆனாலும் நான் விசைப்பித்தன் பக்கம்தான். எக்செல்லில் விவரப்பதிவு என் வேலை. கன்ட்ரோல்+டி (D) அடித்தால் மேல் கட்டத்தில் இருப்பது கீழே இறங்கும், அதை நாள் முழுக்க அடிக்கிறேன். கையை வைத்துப் பாருங்கள்: சுண்டுவிரல் கீழ் மூலைக்கு மடங்கிப் போகிறது, நடுவிரல் டி-மேல் நிற்கிறது, மணிக்கட்டு வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. ஒருமுறை செய்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வரை செய்தால் முழங்கை வரை இழுக்கும். கேப்ஸ் இடத்தில் கன்ட்ரோல் இருந்தால் சுண்டுவிரல் ‘ஏ’-யிலிருந்து ஒரு விசை தள்ளி நகர்கிறது, அவ்வளவுதான். மணிக்கட்டு அசைவதே இல்லை.

பொட்டிதட்டி:
அம்மணி, வலிக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வலது கன்ட்ரோல் எதற்கு இருக்கிறது? தட்டச்சுப் பயிற்சியில் ஷிஃப்டை எதிர்க்கையால் பிடிக்கத்தானே சொல்லித் தந்தார்கள்? டி இடதுகை எழுத்து, கன்ட்ரோலை வலதுகையால் பிடியுங்கள். எதையும் மாற்றாமலேயே வலி போகும், எல்லாக் கணினியிலும் செல்லும்.

இன்னொன்று. இவர்களில் பலர் கேப்ஸ் மாற்றியதும் எனக்கு வரும் முதல் புகார் “பாஸ்வேர்டு ஏற்கவில்லை” என்பதுதான். போய்ப் பார்த்தால், தவறாக அடித்ததை மொத்தமாகத் தேர்ந்து அழிக்கப் பழக்கதோஷத்தில் கேப்ஸ்+ஏ அடித்திருப்பார்கள். உள்நுழைவுத் திரையில் அது இன்னும் பழைய கேப்ஸ் லாக்தான். மாட்டிக்கொள்ளும். அடுத்து அடிப்பதெல்லாம் தலைகீழ்.

விசைப்பித்தன்:
அது கேப்ஸை மாற்றியதால் வந்த வினை இல்லை, எந்த மட்டத்தில் மாற்றினார்கள் என்பதால் வந்தது. இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

விண்டோஸில் பவர்டாய்ஸ், ஆட்டோஹாட்கீ இரண்டும் நீங்கள் உள்ளே நுழைந்தபிறகு பின்னணியில் ஓடும் நிரல்கள். விசை அழுத்தம் வரும் வழியில் நின்று பிடித்து மாற்றி அனுப்புகின்றன. நிரல் ஓடினால்தான் மாற்றம். உள்நுழைவுத் திரையில் அது இல்லை. நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரம் முன்னால் இருந்தால், பவர்டாய்ஸும் அதே உரிமையோடு ஓடினால்தான் மாற்றம் எடுபடும். பொட்டிதட்டி அண்ணன் பார்த்த ஆட்கள் எல்லாம் இந்த வகை.

இன்னொரு வழி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்கேன்கோட் மேப்’ என்று ஒரு மதிப்பு. ஒவ்வொரு விசைக்கும் ஒரு எண் உண்டு, கேப்ஸுக்கு 3ஏ (3A), இடது கன்ட்ரோலுக்கு 1டி (1D). “3ஏ வந்தால் 1டி என்று எடுத்துக்கொள்” என்று எழுதி கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். எந்த நிரலும் ஓடவேண்டாம், உள்நுழைவுத் திரையிலும் செல்லும். ஆங்கிலமோ தமிழ் 99-ஓ, எந்த எழுத்தமைப்பில் இருந்தாலும் பிசகாது, ஏனென்றால் இது அதற்கும் அடியில் நடக்கிறது. கையால் எழுதப் பயமாக இருந்தால் ஷார்ப்கீஸ் என்ற சின்ன நிரல் எழுதித் தரும். வேண்டாம் என்றால் அந்த மதிப்பை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் பழையபடி.

குறையும் உண்டு. ஒரு விசைக்கு ஒரு விசை, அவ்வளவுதான். கூட்டு ஷார்ட்கட் முடியாது, நிரலுக்கு நிரல் வேறாக வைக்க முடியாது. நிர்வாகி உரிமை வேண்டும். அந்தக் கணினியில் நுழையும் எல்லோருக்கும் பொருந்தும், எனவே வீட்டில் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் செய்தால் திட்டு விழும்.

மேக்கில் இந்தத் தலைவலியே இல்லை. கீபோர்டு அமைப்புகளில் கேப்ஸ், கன்ட்ரோல் மாதிரியான விசைகளை மாற்ற இடம் இருக்கிறது, கீபோர்டுக்குக் கீபோர்டு தனித்தனியாகவும் வைக்கலாம்.

லினக்ஸ் சித்தர்:
லினக்ஸில் விசைகளை மாற்றித்தரும் கீடி (keyd) நிரலைப் போடுங்கள். எக்ஸ், வேலாண்ட் என்ற இரண்டு வரைகலை அமைப்புகளிலும் செல்லும், வரைகலைச் சூழல் இல்லாத கன்சோலிலும் செல்லும். தட்டினால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் என்று கேப்ஸுக்கு இரட்டை வேலை கொடுக்கலாம்.

இன்னும் ஒருபடி மேலே போனால் கியூஎம்கே (QMK) என்ற கீபோர்டு மென்பொருள் உள்ள கீபோர்டு. மாற்றம் கீபோர்டின் சில்லுக்குள்ளேயே இருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் அமைப்பு கூடவே வரும். பொட்டிதட்டியின் “பொதுக் கணினி” வாதம் அங்கேயே முடிந்தது. நான் நடு வரிசை எழுத்துகளையே பிடித்தால் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஆக்கி வைத்திருக்கிறேன்.

தட்டச்சுக்காரி:
அந்த நடு வரிசை வித்தையைச் சொல்லி ஆட்களைக் கெடுக்காதீர்கள். தட்டலா பிடியா என்று கீபோர்டு காத்திருந்துதான் முடிவு செய்யும், கியூஎம்கேயில் இயல்பாக 200 மில்லிநொடி. வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எழுத்து வரவேண்டிய இடத்தில் ஷார்ட்கட் பாயும். சேமிக்காத கோப்பு மூடிக்கொண்டால் தெரியும்.

எளியவன்:
இரண்டு பக்கத்தையும் படித்தேன். விசையை விடுங்கள், இருக்கும் ஷார்ட்கட்டில் பாதியைக்கூட யாரும் தொடுவதில்லை. விண்டோஸ்+வி அடித்தால் முன்பு காப்பி செய்ததெல்லாம் பட்டியலாக வரும், முதல் தடவை இயக்கிவிட்டால் போதும். மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T). இதைக் காட்டினாலே வாயைப் பிளக்கிறார்கள். முதலில் இதைப் பழகுங்கள், கேப்ஸ் அப்புறம்.

லினக்ஸ் சித்தர்:
இருக்கும் ஷார்ட்கட்டே ஒன்றோடொன்று சண்டை போடுகிறதே. டெர்மினலில் கன்ட்ரோல்+சி ஓடுவதை நிறுத்தும், அதனால் காப்பிக்கு ஷிஃப்டும் சேர்க்கவேண்டும். அதே கூட்டை உலாவியில் அடித்தால் நிரலாளர் கருவிப்பெட்டி திறந்துகொள்கிறது. மேக்கில் கமாண்ட் தனி விசை, மோதலே இல்லை. இதைச் சரிசெய்வதுகூட ‘அரிப்பு’ என்றால் என்ன சொல்வது.

பொட்டிதட்டி:
அரிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. நிரலுக்குள் ஷார்ட்கட் மாற்றுவதை நான் எதிர்க்கவும் இல்லை. அது அந்த நிரலோடு போச்சு. அடிமட்டத்தில் கைவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

புதுமடி:
நடுவில் ஒரு கேள்வி. வலது கன்ட்ரோலைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். என் புது மடிக்கணினியில் அதுவே இல்லை, அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை இருக்கிறது. என்ன செய்ய?

விசைப்பித்தன்:
அண்ணே, பதில் சொல்லுங்கள்.

பொட்டிதட்டி:
சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் அறிவித்து, கேட்காமலேயே அந்த இடத்தைப் பிடித்த விசை அது. அதை கன்ட்ரோலாக மாற்றுங்கள். இது நான் சொன்னதற்கு விரோதம் இல்லை. கை தேடும் விசையை அதன் இடத்தில் திரும்ப வைக்கிறோம்.

விசைப்பித்தன்:
நானும் 1981-ஐக் காட்டி இதையேதான் சொன்னேன்.

புதுமடிக்கு: ஸ்கேன்கோட் மேப் இங்கே உதவாது. அந்த விசை தனி எண் அனுப்புவதில்லை. இடது விண்டோஸ், இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் சேர்த்து அழுத்தியதுபோல் அனுப்புகிறது. எஃப்23-ஐ மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். பவர்டாய்ஸில் ‘ஷார்ட்கட்டை மாற்று’ பகுதிக்குப் போய் அந்த மூன்றின் கூட்டை வலது கன்ட்ரோலுக்குத் திருப்புங்கள். அழுத்திப் பிடித்தால் நிலைக்கிறதா என்று முதலில் நோட்பேடில் சோதித்துவிடுங்கள். உள்நுழைவுத் திரையில் வராது, அதற்கு இடது கன்ட்ரோல் இருக்கிறது.

புதுமடி:
மாற்றிவிட்டேன். காப்பி, பேஸ்ட் வருகிறது. பிடித்துக்கொண்டு மவுஸால் பல கோப்புகளைத் தேர்ந்தெடுப்பதும் வருகிறது. நன்றி. கேப்ஸைத் தொடுவதா வேண்டாமா என்று நீங்கள் பேசி முடியுங்கள், நான் இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன்.