அணுக்கரு இணைவை விட்டுவிட்டு காலநிலை அறக்கட்டளைக்குப் போவது சரியா?

முகிலன்:
எங்கள் அணுக்கரு இணைவு ஆய்வகத்தில் பிளாஸ்மா (மிகச் சூடான, மின்னூட்டம் கொண்ட வாயு) அளவீட்டில் 14 வருடம் இருந்த அக்கா கிளம்பிவிட்டார். இனி ஒரு அறக்கட்டளையில், எந்தக் காலநிலைத் திட்டத்துக்குப் பணம் தரலாம் என்று பார்க்கும் வேலை. எனக்கு மனசே ஆறவில்லை. 2022 டிசம்பரில்தான் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். பலிக்கிற நேரத்தில் போனால் எப்படி?

தேன்மொழி:
கணக்கை முழுசாகச் சொல்லுங்கள் முகிலன். அந்த லேசர்களை இயக்க இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் என்ற இணைவு உலையில் டிரிட்டியம் எரிபொருளோடு இயக்குவது 2039-க்குத் தள்ளிப்போய்விட்டது. மீத்தேனைப் பாருங்கள்: 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடாக்கும், ஆனால் சுமார் 12 வருடத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். இன்று கசிவை அடைத்தால் நாமே பலனைப் பார்க்கலாம்.

முகிலன்:
சரி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அக்காதான் வேண்டுமா? நிறமாலையில் ஒரு கோடு மங்கினால், மாறியது பிளாஸ்மாவா, இல்லை அளவீட்டுச் சன்னலின் கண்ணாடியில் படிவு ஏறிவிட்டதா என்று பார்த்ததுமே சொல்வார். அந்தக் கண் லேசில் வராது.

தேன்மொழி:
அதே கண்தான் அங்கேயும் வேண்டும்! மீத்தேன் கசிவைக் கண்டுபிடிக்கும் மீத்தேன்சாட் செயற்கைக்கோளைப் பெரும்பாலும் நன்கொடைப் பணத்தில் செய்து 2024 மார்ச்சில் ஏவினார்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் மீத்தேன் எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்று அளந்தது. 2025 ஜூனில் தொடர்பு அறுந்துபோனது. அடுத்து இப்படி ஒன்றுக்குப் பணம் கேட்டு வருவார்கள். படத்தில் தெரிவது கசிவா, தரையின் நிற வேறுபாடா என்று கேட்கத் தெரிந்தவர் அந்த மேசையில் இருக்க வேண்டாமா?

முகிலன்:
இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒரு பயம் போகவில்லை. எங்கள் கூட்டத்தில் முதலாண்டு மாணவன்கூட எழுந்து "அக்கா, இந்த வரைபடம் தப்பு" என்பான். பணம் கொடுக்கிறவரிடம் யார் அப்படிச் சொல்வார்கள்? இரண்டு வருடத்தில் அந்தக் கூர்மை மழுங்கிவிடும்.

தேன்மொழி:
அது நியாயமான பயம். நான் நிதி கேட்டு எழுதுகிற பக்கம் இருப்பவள், எதிரே இருப்பவரிடம் வாயே திறந்ததில்லை. அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள்: மறுக்கும் விண்ணப்பத்துக்குக் காரணத்தை எழுதி அனுப்பட்டும், எதிர்வாதம் எழுதவும் இடம் தரட்டும். போன வருடம் எங்களுக்கு வந்தது ஒற்றை வரி மறுப்பு. எங்கள் கருவியில் என்ன குறை கண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதே வடிவத்தில்தான் இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறோம்.