அலுமினியம் இல்லாத ரோல்-ஆனுக்கு மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தலைப்பு எழுத ஒரு நாளைக்கு எத்தனை முறை கையைத் தூக்குகிறேன் என்று எண்ணியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் வரிசை மாணவிகளின் மூக்கு என் அக்குளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் கவலையிலேயே கல்லூரியை முடித்த நாள் முதல் பதினோரு ஆண்டுகள் ஒரே ரோல்-ஆனை விடாமல் பூசி வந்தேன். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் அதை நிறுத்தினேன். மாதத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே என் அறிவு விளங்கும்.

புற்றுநோய்ப் பயத்தால் மாறவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அக்குளில் பூசுவது மார்பகத்தில் இறங்கிவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தியை என் நாத்தனார் ஆண்டுக்கு இருமுறையாவது எனக்கு அனுப்பிவிடுவார். மார்பகப் புற்றுநோய் கண்ட 813 பெண்களையும் நோயில்லாத 793 பெண்களையும் ஒப்பிட்டு 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை என்பதைப் படித்த பிறகு அந்தப் பயம் பெரும்பாலும் விலகிவிட்டது. என்னை உண்மையில் நகர்த்தியவை என் ரவிக்கைகள்தாம். வெளிர் நிறப் பருத்தி ரவிக்கை எதை எடுத்தாலும் அக்குள் பகுதி மஞ்சளேறி, கஞ்சி போட்டதுபோல் விறைத்து, துவைத்தாலும் போகாமல், ஓராண்டுக்குள் அந்த இடத்திலேயே இற்றுப்போயிருக்கும். எங்கள் தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, "இதுக்கு உள்ளே வேர்வை உறிஞ்ச ஷீல்டு வச்சுத் தைச்சுடட்டுமாம்மா?" என்று நான்கு பேர் முன்னிலையில் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து புட்டியின் பின்புறத்தை முதன்முறையாகப் படித்தேன். அலுமினியம் குளோரோஹைட்ரேட்டு என்று இருந்தது. இந்த அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்துதான் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறது.

முதலில் வாங்கியது தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, கூவைக்கிழங்கு மாவு ஆகிய மூன்றையும் கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைத்த ஒரு பசை. விளம்பரப் படத்தில் வெண்ணெய்போல் இருந்தது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகிவிடும் என்பதைச் செய்தவர்கள் மறந்திருக்க வேண்டும். பங்குனி வெயிலில் கூரியர் வண்டியில் வந்து சேர்ந்தபோது மேலே எண்ணெய் தெளிந்து, அடியில் சோடா மண்டியாகத் தங்கி, திரிந்துபோன மோர்க்குழம்பு மாதிரி இருந்தது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கல்லாகியது, வெளியில் வைத்தால் ஓடியது. கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல்போல் உராய்ந்தது. ஆனாலும் எட்டு நாட்கள் துளியும் நாற்றமில்லை, நான் பூரித்துப்போனேன். ஒன்பதாம் நாள் மாலையில் அரிப்பு தொடங்கியது. பதினோராம் நாள் அக்குளில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தோல் உரிந்தது. சோடாக் கரைசலின் பி.எச். மதிப்பு 8க்கு மேல், அதாவது காரம். நம் தோலின் மேற்பரப்போ 5க்கும் 6க்கும் இடைப்பட்ட மென்மையான அமிலத்தன்மை உடையது. அமில கார நிறங்காட்டிகளை ஆண்டுதோறும் செய்முறை வகுப்பில் காட்டுகிறவளுக்கு இது தன் அக்குளில் தெரிந்த பிறகுதான் உறைத்தது என்பது வெட்கக்கேடு. தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஒரு வாரத்துக்குக் களிம்பு கொடுத்தார். எரிச்சல் போய்விட்டது, அதன் கருமை மூன்று மாதம் தங்கியது.

விற்றவர்களிடம் எழுதிக் கேட்டதற்கு, அது நச்சு வெளியேறும் காலம் என்றும் நான்கு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பதில் வந்தது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதன்மேல்தான். உடலின் கழிவுகளை வெளியேற்றுவதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அக்குள் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டதன்று. ரோல்-ஆனை நிறுத்தியதும் சில நாட்களுக்கு நாற்றம் கூடுவதாகப் பலர் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. இத்தனை காலம் அடக்கிவைக்கப்பட்டிருந்த நுண்ணுயிர்கள் நிறுத்திய சில நாட்களிலேயே வேகமாகப் பெருகுவதை 2016இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது.

அடுத்து வாங்கியது பளிங்குபோன்ற ஒரு கல். உறையில் "அலுமினியம் அற்றது" என்று பெரிதாகவும், உட்பொருள் பட்டியலில் "பொட்டாஷ் படிகாரம்" என்று சிறிதாகவும் அச்சிட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இரட்டை உப்புக்கு எடுத்துக்காட்டாக நான் பலகையில் எழுதும் அதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டுதான் அது! அப்பா சவரம் செய்ததும் கன்னத்தில் தேய்த்துக்கொள்வாரே, கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் திருஷ்டிக்குத் தொங்கவிடுவார்களே, அதே படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதை வழுவழுப்பாகச் செதுக்கி முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு என்னிடம் விற்றிருக்கிறார்கள். ஏமாந்த கோபம் ஒருபுறம் இருக்க, கல் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் எழுதியாக வேண்டும். குளித்த ஈரத்திலேயே நாலு இழுப்பு இழுத்து உலரவிட்டால் மாலை நான்கு மணிவரை நாற்றமில்லை.

ஆனால் நனைந்தது. பதினோரு ஆண்டுகளாக நான் பார்த்தறியாத அளவுக்கு நனைந்தது. இங்கேதான் நான் புரிந்துகொள்ளாமல் இருந்த ஒன்று புலப்பட்டது. நான் விட்டுவந்த ரோல்-ஆன் வியர்வைத் தடுப்பான். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வை நாளத்தின் வாயில் கூழ்போன்ற அடைப்பை உண்டாக்கி நீர் வெளிவருவதையே குறைக்கிறது. அமெரிக்காவில் அதை அழகுப்பொருளாகக் கருதாமல் மருந்தாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்; அங்குள்ள விதிப்படி வியர்வையைக் குறைந்தது 20 விழுக்காடு குறைத்துக் காட்ட வேண்டும். இயற்கை டியோடரன்ட் என்று விற்கப்படுபவை அந்த வேலையை ஏற்றுக்கொள்வதே இல்லை. வியர்வைக்கு மணம் கிடையாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள்தாம் நாற்றத்தை உண்டாக்குகின்றன, அவற்றை அடக்குவதோடு இவற்றின் பணி முடிந்துவிடுகிறது. நானோ ஒன்றை விட்டு அதற்கு மாற்றானதை எடுத்துக்கொண்டதாக நினைத்து, இரண்டு வேலை செய்தவரை அனுப்பிவிட்டு ஒரு வேலை மட்டும் தெரிந்தவரை அமர்த்தியிருக்கிறேன்.

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போனேன். ஒரு மேசைக்கு எட்டுப் பேர், தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி. இரண்டாம் நாள் பிற்பகலில் எங்கிருந்தோ நறுக்கிவைத்த வெங்காயத்தின் வாடை வந்தது. யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். எனக்கு இடப்பக்கம் இருந்த ஆசிரியை ஒன்றும் பேசாமல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, நாற்காலியை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. கந்தகம் சேர்ந்த ஒருவகை ஆல்கஹால்தான் அந்த வெங்காய வாடைக்குக் காரணம் என்பதும், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் நுண்ணுயிர் அதை உருவாக்கப் பயன்படுத்தும் நொதியை யார்க் பல்கலைக்கழகத்தினர் 2020இல் அடையாளம் கண்டார்கள் என்பதும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு என் மனத்தில் அந்த நாற்காலி நகர்ந்த ஓசை மட்டுமே இருந்தது.

இப்போது ஓராண்டு ஆகிவிட்டது. காலையும் இரவும் அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கிறேன், காலையில் படிகாரம் இடுகிறேன், பருத்தியைத் தவிர வேறு துணியில் ரவிக்கை தைப்பதில்லை. திருமணம், விடைத்தாள் மையம், பெற்றோர் கூட்டம் போன்ற நாட்களுக்கு மட்டும் பழைய ரோல்-ஆனை முந்தின இரவே உலர்ந்த தோலில் பூசிவிட்டுப் படுக்கிறேன். இரவில் வியர்வை குறைவாக இருப்பதால் அடைப்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். இதை மாறியதாகக் கணக்கிடலாமா கூடாதா என்பதை மாறியவர்கள் சொல்லுங்கள்.


மருந்துப்பை எழுதியது:

சகோதரியின் பதிவைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். நான் திருநெல்வேலியில் மருந்து நிறுவனப் பிரதிநிதி. காலை எட்டு மணிக்கு இரு சக்கர வண்டியில் ஏறினால் இரவு ஒன்பதுக்கு இறங்குவேன். நான் விட்டது ரோல்-ஆன் அன்று, ஸ்பிரே. உட்பொருளைப் பார்த்தால் எரிசாராயம், நறுமணம், தள்ளுவிசைக்கு அடுப்பில் எரியும் வகையைச் சேர்ந்த வாயு, இவ்வளவே. அலுமினியமே இல்லாததால் நான் ஏற்கெனவே இயற்கையாகத்தான் நனைந்துகொண்டிருந்தேன் என்று சொல்லலாம். நம் ஊரில் ஆண்கள் வாங்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வாசனைப் பொருள்களே என்பதால், மாற நினைப்பவர்கள் முதலில் தாங்கள் எதிலிருந்து மாறுகிறோம் என்று புட்டியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

எனக்குக் கைகொடுத்தது மலச்சிக்கலுக்குக் குடிக்கும் மில்க் ஆஃப் மக்னீஷியா. என் பையில் எந்நேரமும் இருக்கும் சரக்கு என்பதால் செலவில்லை. அரைக் கரண்டி எடுத்துப் பூசி உலரவிட்டால் வெள்ளையாகப் படியும். எனக்கு அரிக்கவில்லை, என் மனைவிக்கு அரித்தது. ஆனால் என் உண்மையான எதிரி சட்டை. பாலியஸ்டர் கலந்த சட்டை துவைத்து வந்ததும் ஒன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியின் சூடு அக்குள் மடிப்பில் பட்டவுடன் நேற்றைய நாற்றம் அப்படியே எழுந்து வரும். உடற்பயிற்சிக்குப் பின் பருத்தியைவிடப் பாலியஸ்டரே கடுமையாக நாறுகிறது என்று பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கு அதற்கு முன்பே தெரியும். துவைப்பதற்கு முன் அரை மணி நேரம் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் பாதி குறைகிறது.


மூன்றாம்தளம் எழுதியது:

சிங்கப்பூரில் பணியாற்றுகிறேன். இதே குறையை என் கொரியத் தோழியிடம் சொன்னபோது, அவர் தம் வாழ்நாளில் டியோடரன்ட் வாங்கியதே இல்லை என்றார். நான் நம்பவில்லை. பிறகுதான் காதுக் குறும்பி ஈரமாக இருப்பதையும் உலர்ந்திருப்பதையும் தீர்மானிக்கும் மரபணு ஒன்று உண்டென்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்ததைப் படித்தேன். கிழக்காசியாவில் பெரும்பாலோரிடம் அதன் உலர்ந்த வகையே இருக்கிறது. அந்த வகை உடையவர்களுக்கு அக்குள் நாற்றமும் மிகக் குறைவு. என் காதில் குச்சியை விட்டுப் பார்த்தேன், ஈரம். அத்துடன் தோழியின் அழகுக் குறிப்புகளைப் பின்பற்றுவதை விட்டுவிட்டேன். ஆளுக்கு ஆள் பலன் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


கும்பகோணத்துஅம்மா எழுதியது:

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து வந்தால் சீருடையில் வாடை வருகிறது. என் மாமியார் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து நலங்கு மாவு அரைத்துக் கொடுக்கிறார். குளித்தவுடன் மணக்கிறது, மதியத்துக்குள் போய்விடுகிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு ரோல்-ஆன் கொடுக்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. ஆசிரியை அம்மா சொன்னால் நல்லது.


சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

அம்மா, நான் மருத்துவர் அல்லள். வகுப்பறையில் பார்த்ததைச் சொல்கிறேன். அக்குளிலுள்ள அப்போக்ரைன் என்னும் வகை வியர்வைச் சுரப்பிகள் பருவமடையும் காலத்தில்தான் விழித்துக்கொள்கின்றன. உங்கள் மகளுக்கு நேர்ந்திருப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நேர்வதே. நலங்கு மாவு தேய்த்துக் கழுவுவதற்கானது. கழுவிய பின் நாள் முழுதும் அங்கே தங்கிக் காவல் காக்க அதனால் இயலாது. அதை நிறுத்த வேண்டாம், மாமியாரும் வருந்துவார். குளித்தபின் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு துண்டுப் படிகாரத்தை நனைத்துத் தடவச் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று நாட்கள் முழங்கையின் உட்புறம் சிறிது தேய்த்து, அரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியை நீக்கிய அன்று எதையும் பூச வேண்டாம். சீருடை பாலியஸ்டர் கலந்ததாக இருந்தால், உள்ளே ஒரு பருத்திப் பனியனும் போட்டு அனுப்புங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் ரோல்-ஆன் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அலுமினியம் கலந்ததைப் பூசுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று அமெரிக்காவில் அதன் உறையிலேயே அச்சிடுகிறார்கள்.

இன்னொன்று. வீட்டில் யாராவது சர்க்கரைக்காகத் தினமும் வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைக்கும் கொடுத்தால், வியர்வையில் கருப்பட்டிப் பாகுபோல ஓர் இனிப்பு வாடை வரும். அது வெந்தயத்தில் உள்ள சோட்டோலோன் என்னும் பொருளின் மணம். எந்த ரோல்-ஆனுக்கும் அது அடங்காது. என் மாமனார் அருகில் அமர்ந்தால் எங்களுக்கு இப்போதும் பணியாரம் நினைவுக்கு வருகிறது.

மருந்துப்பை சகோதரருக்கு: வினிகர் யோசனையை என் பழைய சந்தன நிற ரவிக்கையில் செய்து பார்த்தேன். வாடை போயிற்று, மஞ்சள் போகவில்லை. அதைத் தையற்காரரிடம் கொடுத்து, கையை மட்டும் பிரித்துவிட்டு வேறு துணியில் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். இம்முறை அவர் ஷீல்டைப் பற்றிக் கேட்கவில்லை.