கட்சி 14 இடத்துக்கு ஏறியது, தலைவர் மட்டும் தோற்றார்: நிக் போர்ன் 2011 கணக்கு

வாக்குச்சீட்டு:
வேல்ஸ் கன்சர்வேட்டிவ் தலைவராக 1999 முதல் இருந்த நிக் போர்ன், 2011 வேல்ஸ் பேரவைத் தேர்தலில் உறுப்பினர் பதவியையே இழந்தார். அதே தேர்தலில் அவர் கட்சி 12-லிருந்து 14-க்கு ஏறி, வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியைத் தாண்டி இரண்டாம் இடம் பிடித்திருக்கிறது. இது எப்படி? மண்டலப் பட்டியலோடு ஒரு தொகுதியிலும் நின்றிருக்கலாமே?

கணக்குப்பிள்ளை:
கட்சி ஜெயித்ததால்தான் அவர் தோற்றார். 1999, 2003, 2007 மூன்று முறையும் அவர் உள்ளே வந்தது நடு-மேற்கு வேல்ஸ் மண்டலப் பட்டியல் (கட்சி வரிசைப்படுத்தித் தரும் பெயர்கள்) வழியாக. அப்போது மொத்தம் 60 இடம்: 40 தொகுதிகள், 5 மண்டலங்களுக்குத் தலா 4. வாக்காளருக்கு இரண்டு சீட்டு: ஒன்று தொகுதிக்கு, ஒன்று மண்டலப் பட்டியலுக்கு. மண்டல இடங்கள் ஈடுகட்டத்தான் இருந்தன. தொகுதிகளை அள்ளிய கட்சிக்குப் பட்டியலில் கிடைப்பது குறைந்தது.

முறை இது. கட்சியின் மண்டல வாக்கை, அந்த மண்டலத்தில் அது வென்ற தொகுதிகளோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெரிய ஈவுக்கு முதல் இடம். இடம் வாங்கிய கட்சியின் வகு எண்ணில் 1 கூடும். இப்படி நான்கு சுற்று.

2011-ல் அந்த மண்டலத்தின் 8 தொகுதிகளில் பிளைட் 3, கன்சர்வேட்டிவ் 3, லேபர் 1, லிபரல் டெமாக்ராட் 1. வாக்குகளை அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கிப் போடுகிறேன்:

சுற்று 1: லேபர் 47,300 ÷ 2 = 23,650
சுற்று 2: மறுபடி லேபர், ÷ 3 = சுமார் 15,770
சுற்று 3: பிளைட் 56,400 ÷ 4 = 14,100
சுற்று 4: லிபரல் டெமாக்ராட் 26,800 ÷ 2 = 13,400

கன்சர்வேட்டிவ் 52,900 ÷ 4 = 13,225. மயிரிழையில் போச்சு. முழுமையாக்காத எண்படி, பட்டியலில் இன்னும் சுமார் 800 வாக்கு விழுந்திருந்தால் பட்டியலின் முதல் பெயரான போர்ன் உள்ளே.

பலர் இங்கே சறுக்குவது இரண்டு இடத்தில்: எல்லாக் கட்சிக்கும் 1-ஆல் வகுக்கத் தொடங்குவார்கள், அல்லது மண்டல வாக்குக்குப் பதில் தொகுதி வாக்குகளைக் கூட்டிப் போடுவார்கள். இரண்டிலும் விடை தப்பும்.

எட்டாம்தொகுதி:
மேலே சொன்னதோடு ஒன்று. அவரைக் கவிழ்த்தது அந்த மண்டலத்தின் மாண்ட்காமரிஷயர் தொகுதி. லிபரல் டெமாக்ராட்களிடமிருந்து கன்சர்வேட்டிவ் அதைப் பறித்தது 2011-ல்தான். அது கைமாறாமல் இருந்திருந்தால் 52,900 ÷ 3 = 17,630; இரண்டாம் சுற்றிலேயே போர்ன் தேர்வாகியிருப்பார்.

மண்டலத்தில் கட்சியின் மொத்தத்தைப் பாருங்கள். 2003: தொகுதி 0, பட்டியல் 3. 2007: தொகுதி 2, பட்டியல் 1. 2011: தொகுதி 3, பட்டியல் 0. மூன்று தடவையும் கூட்டினால் மூன்றுதான்! பட்டியல் இடங்கள் தொகுதி இடங்களாக மாறிக்கொண்டே வந்தன, கடைசியில் தலைவருக்கு நாற்காலி இல்லை.

பட்டியலோடு தொகுதியிலும் நிற்பதற்கு அப்போது வழியே கிடையாது. 2006 வேல்ஸ் அரசுச் சட்டம் இரட்டை வேட்பாளர் முறையைத் தடை செய்தது. 2007, 2011 இரண்டு தேர்தலுக்கும் அது பொருந்தியது. 2014 சட்டம்தான் நீக்கியது. தொகுதியா, பட்டியலா என்று முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. கட்சி வளரும் மண்டலத்தில் பட்டியலைத் தேர்வது தலைவருக்கு ஆபத்து என்பது என் கருத்து; பின்யோசனையில் சொல்வது சுலபம், ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கோப்பு:
அவரை இந்த ஒரு தோல்வியோடு முடித்துவிட வேண்டாம். சட்டப் பேராசிரியர். 1997 பொது வாக்கெடுப்பில் அதிகாரப் பகிர்வுக்கு (லண்டனிலிருந்து வேல்ஸுக்கு அதிகாரம் பிரித்துக் கொடுப்பதற்கு) எதிர் அணியில் இருந்தவர், 2011 மார்ச் வாக்கெடுப்பில் கூடுதல் சட்ட அதிகாரத்துக்கு ஆம் என்றார். நடுவில் 2007-ல் பிளைட், லிபரல் டெமாக்ராட், கன்சர்வேட்டிவ் மூன்றும் சேரும் 'வானவில்' கூட்டணி ஏறக்குறைய கூடிவிட்டது. லிபரல் டெமாக்ராட் நிர்வாகக் குழுவில் வாக்கு 9-9 என்று சமனாகி நின்றது. பிளைட் லேபரோடு போய்விட்டது. அவர் ஆட்சிக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான்.

தோற்ற பிறகு அதிகாரப் பகிர்வை ஆராய்ந்த சில்க் ஆணையத்தில் உறுப்பினர். 2013-ல் அபெரிஸ்ட்வித் பிரபுவாக லண்டன் மேலவைக்குப் போனார். வேல்ஸ் அலுவலகம், எரிசக்தி, உள்ளாட்சி எனத் துறை மாறி 2019 வரை இளநிலை அமைச்சர். வேல்ஸ் பேரவை இருக்கும் கார்டிஃபில் கிடைக்காத அமைச்சர் பதவி, வாக்குக் கேட்க வேண்டாத அவையில் கிடைத்தது.

வாக்குச்சீட்டு:
நன்றி, தெளிவாகிவிட்டது. பட்டியல் உறுப்பினர் பாதியில் விலகினால் இடைத்தேர்தலா?

கணக்குப்பிள்ளை:
இல்லை, அதே பட்டியலில் அடுத்த பெயர் ஏறும். இதே மண்டலத்தில் அலன் மைக்கேல் 2000-ல் விலகியபோது லேபர் பட்டியலிலிருந்து டெலித் எவன்ஸ் வந்தார். அந்த முறையில் தொகுதி உறுப்பினர் போனால்தான் இடைத்தேர்தல்.

இனி நடந்ததைப் பார்க்க மட்டுமே இந்தக் கணக்கு. 2026 தேர்தலிலிருந்து 96 உறுப்பினர், 16 தொகுதி, ஒவ்வொன்றிலும் 6 பேர், எல்லாமே கட்சிப் பட்டியல். கழிக்கத் தனித் தொகுதி இல்லாததால் எல்லோருக்கும் வகுத்தல் 1-லிருந்தே தொடங்கும்.