பட்டியலுக்கு முன்னால் வரும் தொடருக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் பட்டியலைத் தொடங்கிவைக்கும் 'லீட்-இன்' தொடருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

> 'அறிமுக வாக்கியம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் உதவாது. ஆங்கிலத்தில் ஒரு பட்டியலைத் தொடங்கிவைக்கும் அந்த 'லீட்-இன்' பல இடங்களில் வாக்கியமாகவே இருப்பதில்லை. முக்காற்புள்ளி (:) போடுவதா வேண்டாமா என்ற குழப்பம் பிறப்பதே அங்கேதான். பெயரிலேயே 'வாக்கியம்' என்று சொல்லிவிட்டால், பிறகு விதியை எழுதும்போது 'வாக்கியமாக இல்லாத அறிமுக வாக்கியம்' என்று திண்டாட வேண்டிவரும்.

'முன்வரி'யும் வேண்டாம். என் காதில் அது முன்கூட்டியே கட்டும் வரியாகத்தான் விழுகிறது.

நான் சொல்வது முகத்தொடர். நூலுக்கு முகவுரை இருப்பதுபோலப் பட்டியலுக்கு முகத்தொடர். நம் இலக்கணத்தில் 'தொடர்' என்ற சொல் முடிந்ததையும் குறிக்கும், முடியாததையும் குறிக்கும். இங்கே தேவைப்படுவது அந்த நெகிழ்வுதான்.

இனி விதி. 'வி சப்போர்ட் த்ரீ ஃபைல் டைப்ஸ்' என்று எழுதி நிறுத்திப் பாருங்கள். முற்றுப்புள்ளி வைத்தாலும் தொடர் நிற்கிறது. ஆகவே முக்காற்புள்ளி வைத்துப் பட்டியலைத் தொடங்கலாம். 'தி ஃபைல் டைப்ஸ் ஆர்' என்று நிறுத்தினால் நொண்டுகிறது. 'ஆர்', 'இன்க்ளூட்', 'சச் ஆஸ்' இவற்றை அடுத்து, ஓடும் வரியிலேயே பட்டியல் வந்தால் முக்காற்புள்ளி கூடாது. வினைக்கும் அது தேடும் பெயருக்கும் நடுவே சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். உருப்படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போதுதான் ஆங்கில எழுத்துநடைக் கையேடுகள் கருத்தில் பிரிகின்றன. 1906-இல் முதன்முதலாக வந்த சிகாகோ கையேடு, பட்டியல்தான் தொடரை முடித்துவைக்கிறது என்றால் அங்கும் முக்காற்புள்ளி வைப்பதில்லை. மென்பொருள் உதவிப் பக்கங்களிலோ முடியாத தொடருக்குப் பின்னாலும் தாராளமாக வைக்கிறார்கள்.

இந்த இரண்டு வகைக்கும் முதலில் முற்று, எச்சம் என்று பெயரிட நினைத்தேன். ஆனால் 'ஆர்' முற்றுவினைதானே என்று இலக்கணம் படித்தவர் கேட்பார். கேள்வி நியாயம்தான். அங்கே வினை முற்று, தொடர்தான் முற்றவில்லை. எனவே நிறை முகத்தொடர், குறை முகத்தொடர். விதியும் சுருங்கிவிடும்: நிறைக்கு முக்காற்புள்ளி உண்டு, வரிக்குள் வரும் குறைக்கு இல்லை.

> ஆங்கில நிறுத்தற்குறிக்கு நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

மொழிபெயர்க்கும்போது அடி விழுவது நமக்குத்தான் என்பதால். மென்பொருளைத் தமிழாக்க வரும் உள்ளூராக்கக் கோப்பில் 'யூ கேன்' என்ற சரம் (திரையில் தோன்றும் எழுத்துத் துண்டு) தனியாக வரும். கீழே 'ஷேர் எ ஃபைல்', 'ரீநேம் எ ஃபைல்' என்று தனித்தனிச் சரங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் 'கேன்' என்பதை மேலே நிறுத்தவே முடியாது. 'நீங்கள்' என்பதை மட்டும் மேலே விட்டு, 'கோப்பைப் பகிரலாம்', 'கோப்பின் பெயரை மாற்றலாம்' என்று ஒவ்வோர் உருப்படியிலும் 'லாம்' சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த உருப்படிச் சரம் வேறொரு திரையில் பொத்தானாகவும் வந்துவிட்டால், பொத்தானும் 'பகிரலாம்' என்று இளிக்கும். நான் ஒருமுறை அப்படியே வெளியே விட்டுவிட்டேன். குறை முகத்தொடரைத் தமிழில் 'நீங்கள் இவற்றைச் செய்யலாம்:' என்று நிறை முகத்தொடராக மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. இதை ஒரு வழிகாட்டுதலாகச் சொல்லவாவது இரண்டு பெயர்கள் வேண்டும்.

பட்டியலைத் தொடங்கிவைப்பது நமக்குப் புதிதல்ல. 'அவைதாம்' என்று ஆரம்பித்து, குற்றியலிகரம் குற்றியலுகரம் ஆய்தம் என்று அடுக்கி, 'என்ற முப்பாற்புள்ளியும்' (மூவகைப் புள்ளி எழுத்துகளும்) என்று கூட்டிக் கட்டுகிறது தொல்காப்பியம். முக்காற்புள்ளியே இல்லாமல் முப்பாற்புள்ளி! பட்டியலுக்குப் பின்னால் வரும் அந்த 'என்ற', 'ஆகிய' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலம் முன்னாலேயே ஒரு குறியிடம் ஒப்படைக்கிறது. பழைய வினாத்தாள்களில் 'பின்வருவனவற்றுக்கு விடை தருக' என்பதை அடுத்து முக்காற்புள்ளியும் சிறு கோடும் சேர்ந்து வருமே, அந்த வரலாற்றுக்குறியும் இதற்கென்றே இருந்ததுதான். அதை மீட்டெடுக்கச் சொல்லவில்லை, விசைப்பலகையில் ஒரு தட்டு மிச்சம்.

'குறை முகத்தொடர்' காதுக்கு இடித்தால் வேறு சொல் தாருங்கள். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்க மட்டும் வேண்டாம்.