பூங்காவுக்கு மறுபடியும் இரும்பு ஊஞ்சலா, மண்மேடா?

உடைமரத்தான்:
மண்டபம் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் போன வாரம் ஊஞ்சல் கொக்கி துருவேறி அறுந்தது. ஆடிக்கொண்டிருந்தது என் அக்கா மகள். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். மறுபடியும் இரும்பையே வாங்கிப் போடப் பேச்சு நடக்கிறது. உப்புக்காற்றில் அது எத்தனை நாளைக்கு? எனக்கு ஒரு மண்மேடு, விழுந்து கிடக்கும் பனைத்தடிகள், மணல் குழி, சுற்றிலும் பூவரசும் வேம்பும் போதும். டென்மார்க்கில் எம்ட்ரப் என்ற இடத்தில் 1943-லேயே பழைய பலகையையும் செங்கல்லையும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டி விளையாட விட்டார்கள்.

கீழக்கரையான்:
டென்மார்க் கிடக்கட்டும் தம்பி. வாசலைத் தாண்டினால் கடற்கரை; நம்ம பிள்ளைக்கு மணல் என்ன புதுசா? அதுகள் பூங்காவுக்கு வருவதே சறுக்குக்கும் ஊஞ்சலுக்கும்தான். டவுன் பிள்ளைக்கு ராட்டினம், நம்ம பிள்ளைக்கு மண்ணாங்கட்டியா?

உடைமரத்தான்:
கடற்கரையில் வலை, நங்கூரக் கயிறு, உடைந்த பாட்டில். நாலு வயசுப் பிள்ளையை அங்கே தனியே விடுவீர்களா, காக்கா? மத்தியானம் தகரச் சறுக்கில் ஒருதரம் கை வைத்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

பாம்பன்காரி:
மண்மேடு போட்டால் எலி வளை தோண்டும், எலி வந்தால் பாம்பு வரும். மணல் குழியில் ராத்திரி நாயும் பூனையும் அசிங்கம் செய்யும். வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறும். தினமும் யார் பார்ப்பது? இன்னொன்று, என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். மணலில் சக்கரம் புதையும். இரும்புப் பூங்காவிலும் அவன் வேடிக்கைதான் பார்த்தான், அது வேறு.

நுங்குவண்டி:
அக்கா கேட்டது சரி. ராத்திரி மணல் குழியைத் தார்ப்பாயால் மூடலாம். வாசலிலிருந்து சரளை இடித்த பாதை போட்டு, நாற்காலி உயரத்துக்கு ஒரு மணல் தொட்டி கட்டினால் தம்பியும் கை போட்டு விளையாடலாம்.
உடைமரத்தானுக்கு ஒரு திருத்தம். என் அப்பா பனங்கை அறுத்தவர். பனைக்கு வைரம் வெளியில்தான், உள்ளே வெறும் சோறு. அறுத்த முனையில் சிலாம்பு கறுப்பு ஊசி மாதிரி நிற்கும். உள்ளங்கையில் ஏறினால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். மழைத்தண்ணீர் இறங்கினால் நடு மக்கி ஓடு மட்டும் நிற்கும். பிள்ளை ஏறினால் பொசுக்கென்று உள்வாங்கும். ஏறி விளையாட வேம்பு, பூவரசுத் தடியை இழைத்துப் போடுங்கள், பனை வேலிக்குப் போதும். விழுகிற இடத்தில் ஒரு அடிக்காவது மணல் வேண்டும், அதையும் கடற்கரையில் அள்ள முடியாது, தடை இருக்கிறது. அரளி, எருக்கு, ஆமணக்கு பக்கத்தில் வரவே கூடாது.

கீழக்கரையான்:
இவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஊஞ்சல் இல்லாத பூங்காவுக்கு என் பேத்தி வரமாட்டாள். வேம்பில் கயிறு கட்டலாம் என்பீர்கள். இன்று நட்ட வேம்பு ஆள் தாங்க எத்தனை வருஷம்?

உடைமரத்தான்:
அதுவரை பழைய ஊஞ்சல் தூணை வைத்துக்கொள்ளலாம். கொக்கியும் சங்கிலியும் மட்டும் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுவோம்.

பாம்பன்காரி:
தூணின் அடியைத் தட்டிப் பார்த்தீர்களா தம்பி? மண்ணுக்குள் இருக்கிற பாகம்தான் முதலில் போகும்.

உடைமரத்தான்:
இல்லை அக்கா. சாயங்காலம் கடப்பாரையோடு போகிறேன்.