கம்பளிச் சதுரம் பின்ன ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களிடம் ஒரு உதவி.

ஆப்பிரிக்கா என்றாலே நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரம் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். தகரக் குடிசையில் படுக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அங்கே ‘நிட் எ ஸ்கொயர்’ என்ற அமைப்பு, பல நாட்டுக்காரர்கள் பின்னி அனுப்பும் 8 இஞ்ச் சதுரங்களில் 35-ஐச் சேர்த்துத் தைத்து, ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போர்வையாகக் கொடுத்து வருகிறது.

நம் குழுவிலிருந்து இரண்டு போர்வைக்காவது, அதாவது 70 சதுரம் அனுப்ப ஆசை. ஸ்வெட்டர் பின்னத் தெரியாதவர்களும் தாராளமாகச் சேரலாம். மூலையில் ஒரே கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பக்கம் 8 இஞ்ச் வந்ததும் அதேபோல் குறைத்துக்கொண்டே வந்தால் சதுரம் கச்சிதமாக அமையும். கண்ணி எண்ணி மண்டை காய வேண்டாம். முடிக்கும்போது ஒரு முழம் நூலை வெட்டாமல் விட்டுவிடுங்கள். அங்கே தைப்பவர்களுக்கு அதுதான் தையல் நூல்.

நிறம் எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் வெள்ளை மட்டும் வேண்டாம், குழந்தைகள் போர்த்துவது. பின்ன நேரமில்லாதவர்கள், வீட்டில் மீந்து கிடக்கும் உல்லன் உருண்டைகளைக் கொடுத்தாலும் போதும்.

அப்புறம், தென்னாப்பிரிக்காவுக்குத் தபாலில் பார்சல் அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சுங்கப் படிவத்தில் என்ன எழுதினீர்கள், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் பெரிய உதவி.